முத்திரை கிழிந்த மருந்து டப்பா

தோட்டா மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் முதலில் ஓர் உண்மை. எனக்குச் சுடத் தெரியாது. நான் நிரப்பிய தோட்டாக்களை வைத்து மற்றவர்கள் பதக்கம் வாங்கினார்கள். அதே தோட்டாவை நான் சுட்டால் பலகைக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டுக்குத்தான் காயம். ஒரே ஒரு தடவை நடுப்புள்ளியில் அடித்திருக்கிறேன். அது பக்கத்துக்காரருடைய பலகை. அவர் எழுந்து நின்று எனக்கு நன்றி சொன்னார்.

இப்படிப்பட்டவனிடம் போய் அனுபவம் எழுதித் தரச் சொல்லித் துப்பாக்கி சுடும் சங்கம் கேட்கிறதென்றால், அங்கே ஆள் பஞ்சம் எவ்வளவு என்று புரிந்துகொள்ளுங்கள். தமிழில்தான் எழுதுகிறேன். உங்களில் ஒருவருக்கு வாசிக்க வரும். மற்றவருக்குக் கேட்டால் புரியும், பதில் மட்டும் பர்மியத்தில் வரும். நல்லதாகப் போயிற்று. ஒருவர் வாசியுங்கள், ஒருவர் கேளுங்கள். மேசையில் உட்கார்ந்து மட்டும் வாசிக்காதீர்கள். மேசையில் பேச்சு கிடையாது.

எந்தத் தோட்டாக் கூட்டுக்கு எவ்வளவு வெடிமருந்து என்பதெல்லாம் அச்சடித்த புத்தகத்தில் இருக்கிறது. அதை என்னிடம் கேட்க வேண்டாம். எனக்கே மனப்பாடம் என்று நான் நினைத்துக்கொள்கிற அன்றைக்குத்தான் ஆபத்து. புத்தகத்தில் இல்லாத ஒன்று உண்டு. அந்த அறையில் நீங்கள் எவ்வளவு தனியாக இருக்கப்போகிறீர்கள் என்பது.

உள்ளே போய்க் கதவில் சிவப்புத் துணியைத் தொங்கவிட்டுவிட்டால் நீங்கள் உலகத்தில் இல்லை. கைபேசி வெளியே. மின்விசிறி கூடாது, காற்றுப் பட்டால் தராசு ஆடும். பெருமூச்சு விட்டால்கூட ஆடும். ஆகவே வீட்டுக் கவலைகளையும் செருப்போடு சேர்த்து வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். வியர்வை மருந்தில் விழுந்துவிடாமல் தலையில் துண்டு. ஏப்ரல் மாதத் தண்ணீர்த் திருவிழாவில் ஊரே நனைந்து ஆடிக்கொண்டிருக்கும்போது யாங்கோனிலேயே காய்ந்து கிடக்கிற ஒரே மனிதன் நான்தான். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி கேட்பாள்.

"இன்னைக்கு யாரோட பேசினீங்க?"

"தராசோட."

"அது என்ன சொல்லிச்சு?"

"நீ போடுற சோறு அதிகம்னு சொல்லிச்சு."

அவள் கண்மூடின பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. பசுந்தாங் பேட்டையில் என் மூன்றாம் மாடி வீட்டுக் கதவைத் திறக்கும்போதெல்லாம் பதில் மட்டும் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது.

சரி, மருந்துக்கு வருகிறேன். புதியவர்கள் எல்லாரும் வாத்தியாரைச் சயா என்று கூப்பிட்டுக் கேட்கிற முதல் கேள்வி, "சயா, எந்த மருந்து நல்ல வேகமாத் தள்ளும்?" நானும் வந்த புதிதில் அதைத்தான் கேட்டேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் பேசாத மனுஷர். "உன் மாமனார் மாப்பிள்ளை தேடினப்ப வேகமா ஓடுறவனையா தேடினார்?" என்று கேட்டுவிட்டு மறுபடி வேலையில் குனிந்துகொண்டார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நேரே மாமனாரிடம் போய்க் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "உன்னைவிடக் கெட்டிக்காரனுங்க ரெண்டு பேரு வந்தாங்க. நாளைக்கு அவனுங்க என்ன செய்வானுங்கன்னு தெரியலை. நீ நேத்து எப்படி மக்கா இருந்தியோ இன்னைக்கும் அப்படியே இருந்தே. அதான் குடுத்தேன்" என்றார்.

மருந்தும் அப்படித்தான். ஏப்ரல் வெயிலில் ஒரு குணம், அடைமழையில் ஒரு குணம், டிசம்பர்க் குளிரில் ஒரு குணம் காட்டுகிற மருந்து எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் நமக்கு வேண்டாம். கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் நேற்றுப் போல இன்றும் இருந்தால் போதும்.

ஆனால் கண்ணுக்குப் பல மருந்துகள் ஒன்றுபோலத்தான் தெரியும். சாம்பல் கறுப்பாக, பென்சில் கரியைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டதுபோல. கூட்டுக்குள் அடைபட்டு வெடிக்கும்போதுதான் குணம் தெரியும். ஒன்று குண்டைத் தள்ளும். ஒன்று துப்பாக்கியையே அறையும். அதனால்தான் மேசையில் ஒரு நேரத்தில் ஒரு டப்பாவுக்கு மேல் கூடாது என்று வைத்திருக்கிறோம். உலகத்தில் வேறு எந்தத் தொழிலிலும் இல்லாத, நாம் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்று இருக்கிறது. வேலை முடிந்ததும் குடுவையில் மிஞ்சிய மருந்தைப் பக்கத்தில் இருக்கும் வேறு டப்பாவில் ஊற்றி மூடிவிடுவது. உப்பு ஜாடியில் சர்க்கரையைக் கொட்டிய சமையல்காரனுக்கு நாக்கு சொல்லிவிடும். நமக்கு நாக்கு கிடையாது. தோட்டா வெடிக்கிற இடத்துக்கும் சுடுகிறவர் கண்ணுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை; துப்பாக்கி பிளந்தால் முதலில் போவது கண்தான்.

இன்னொரு வழக்கமும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். புது டப்பா திறந்தால் முதல் தோட்டா நிரப்பியவனுக்கு. அவன் தன் கன்னத்தைத் துப்பாக்கியில் வைத்துச் சுட்டுக் காட்டிய பிறகுதான் மற்றவர் கைக்குப் போகும். என் முதல் தோட்டாவைப் பார்க்க எப்போதும் கூட்டம் கூடும். துப்பாக்கி தாங்குமா என்று பார்க்க இல்லை. குண்டு எந்த ஊரில் போய் விழும் என்று பார்க்க.

நான் சொல்ல வந்த கதையில் அந்த வழக்கம்தான் என் கழுத்தைப் பிடித்தது.

அந்த வருஷம் வெளிநாட்டுச் சரக்கு வருவது நின்றுபோயிருந்தது. நாம் வழக்கமாக வாங்கும் மருந்து அலமாரியில் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. பயிற்சிக்கு இழுத்துப் பிடித்து ஓட்டினோம். போட்டி நெருங்கியபோது டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினால் சத்தம் மட்டும்தான் வந்தது. வெளிநாட்டுக்குப் போகும் அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுப் போட்டி அது. மற்ற உறுப்பினர்களுக்கு இதில் கவலை இல்லை. வசதியுள்ளவர்கள், ஆலையிலேயே நிரப்பி வரும் நிறுவனத் தோட்டாவைப் பெட்டி பெட்டியாக வாங்கி முன்பே வைத்துக்கொண்டிருந்தார்கள். என் மேசையை நம்பி இருந்தது ஒரே ஒரு பெண். மா தீரி.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாக்காரி. அப்பா அந்தக் கரையில் படகுத்துறைக்கு வெளியே சைக்கார் என்கிற சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிறார். அவள் விடியற்காலையில் படகேறி ஆற்றைத் தாண்டி, பஸ் மாறி வந்து, சங்கத்துத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டு, அதே வழியில் திரும்பிப் போவாள். கன்னத்தில் பூசிய தனக்கா மரப்பட்டைக் குழம்பு துப்பாக்கிக் கட்டையில் ஒட்டி அங்கே ஒரு மஞ்சள் வட்டம் எப்போதும் இருக்கும். ஒரு நாள் நல்ல எண்ணத்தில் அதைத் துடைத்துவிட்டேன். "கன்னத்தை எங்கே வைக்கிறதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று பர்மியத்தில் என்னை ஒரு பிடி பிடித்தாள். தமிழ் அவளுக்குப் புரியும், பேச மாட்டாள். நான் தமிழில் கேலி செய்வேன், அவள் பர்மியத்தில் திருப்பிக் கொடுப்பாள். "சயா, நீங்க சுட்டா இலக்குப் பலகைதான் நாட்டிலேயே பாதுகாப்பான இடம்" என்று சொன்னவள் அவள்தான். எனக்கு ஒரு மகள் இருந்து சிங்கப்பூரிலிருந்து வாரம் ஒரு முறை கூப்பிட்டாலும், அந்த நாட்களில் என்னோடு தினமும் பேசிய ஒரே பெண்பிள்ளை இவள்.

சங்கத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. அணியில் இடம் கிடைத்தால் பயிற்சியாளர் வேலையும் சேர்ந்து கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு முழங்கால் வீங்கிப்போயிருந்தது. அவரைச் சைக்காரிலிருந்து இறக்கிவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

போட்டிக்கு முந்தின நாள் காலை காசிம் பாய் வந்தார். லத்தாப் பேட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், சங்கத்தின் செயலாளர், சாயங்காலம் என்னோடு டீ குடிக்கிறவர். மூன்றும் ஒரே ஆள்தான். கையில் எதையோ லுங்கியில் சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வந்தார்.

"முத்தையா, கண்ணை மூடு."

"மூடினா தூங்கிடுவேன் பாய்."

"மூடுய்யா!"

திறந்து பார்த்தால் மருந்து டப்பா. நம்முடைய அதே நிறுவனம், அதே எண், அதே பச்சை வரி.

"வடக்கே ஒரு சங்கத்தை மூடிட்டாங்க. அவங்க அலமாரியில கிடந்தது. அனுமதி எல்லாம் முறைப்படி வாங்கியாச்சு. நான் எத்தனை பேர் காலைப் பிடிச்சேன்னு கேளு."

"எத்தனை பேர் காலை?"

"கேக்காதே. அந்தப் பிள்ளைக்குப் போட்டுக் குடு, போதும்."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சிவப்புத் துணியைத் தொங்கவிட்டேன். மூடியைத் திருகப் போன கை நின்றுவிட்டது.

மூடியைச் சுற்றி ஒட்டியிருக்கும் காகித முத்திரை கிழிந்திருந்தது. கிழிந்ததைப் பசை தடவி, நேர்த்தியாக மறுபடி ஒட்டியிருந்தார்கள். திறந்தேன். நல்ல மருந்துக்கு உரிய அந்த இனிப்பான காட்டமான வாசனை. கெட்டுப்போன மருந்தின் புளிப்பு இல்லை. செம்புழுதி இல்லை. நிறம் சரி, வடிவம் சரி. வெள்ளைக் காகிதத்தில் கொஞ்சம் கொட்டி உருப்பெருக்கியால் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஒன்றே ஒன்று. டப்பா தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது.

யோசித்துப் பாருங்கள். திறந்த டப்பா குறைந்திருக்க வேண்டும். ஒரு தோட்டா மேசையில் ஒருவன் முத்திரையைக் கிழிக்கிறான் என்றால் எடுப்பதற்குத்தான் கிழிக்கிறான். எடுத்த பிறகும் விளிம்புவரை நிறைந்திருக்கிறது என்றால், யாரோ திரும்ப ஊற்றியிருக்கிறார்கள். எதை ஊற்றினார்கள்?

கதவைத் திறந்து பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதுதானா? சும்மா திறந்து பார்த்துட்டு மூடியிருப்பான்யா. நீ கடையில பிஸ்கட் டின்னைத் திறந்து மோந்து பார்த்துட்டு மூடுறதில்லையா?"

"மூடுறேன். ஆனா பசை தடவி ஒட்டுறதில்லை."

"மரியாதை தெரிஞ்சவன் ஒட்டியிருக்கான்! நம்பர் சரியா இருக்கு, வாசனை சரியா இருக்கு. வேற என்னய்யா வேணும் உனக்கு?"

"யார் திறந்தாங்கன்னு தெரியணும்."

"மூடின சங்கம். இருந்த ஆளுங்க எங்கெங்கே போனாங்கன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "சரி, ஒண்ணு செய். ஒரு தோட்டா நிரப்பு. துப்பாக்கியைக் கட்டையில கட்டி, கயிறு போட்டுத் தூரத்திலிருந்து இழுத்துப் பார்த்துடுவோம்."

நல்ல யோசனை என்றுதான் உங்களுக்கும் தோன்றும். எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் ஒரு தோட்டா நல்லதாக இருந்தால் அந்த ஒரு தோட்டா நல்லது என்று தெரியும், அவ்வளவுதான். மேலே இருப்பது நல்ல மருந்தாக இருக்கலாம். நடுவில் வேறு ஒரு கை வேறு ஒன்றைக் கொட்டியிருக்கலாம். எல்லாவற்றையும் சுட்டுப் பார்த்துத்தான் எல்லாம் நல்லது என்று சொல்ல முடியும். சொல்லி முடிக்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. தீக்குச்சி நல்லதா என்று ஒவ்வொன்றாகக் கிழித்துப் பார்த்த என் சித்தப்பா மாதிரி.

"அப்ப முடியாதுங்கிறியா?"

"யோசிக்கிறேன் பாய்."

"யோசி. நாளைக்குப் போட்டி. யோசிச்சுக்கிட்டே இரு."

மறுபடி துணியைத் தொங்கவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். அந்த அறையில் வேலை செய்யாமல் நான் உட்கார்ந்திருந்தது அன்றுதான். டப்பா மேசையில் இருந்தது, நான் எதிரில் இருந்தேன். கேட்க ஒருவரும் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் மண்ணுக்குள் போய்விட்டார், இருந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டார். வேடிக்கைக்காரனுக்கு ஒரு சங்கடம் உண்டு. நாலு பேர் இருந்தால்தான் அவனுக்குத் தைரியம் வரும்.

வெளியே வந்து உறுப்பினர்கள் ஒவ்வொருவரிடமாகப் போனேன். நிறுவனத் தோட்டா ஒரு பெட்டி இரவல் வேண்டும் என்று கேட்டேன். போட்டியில் தங்களைத் தோற்கடிக்கப் போகிறவளுக்குத் தோட்டா கொடு என்று கேட்பது எவ்வளவு அழகான காரியம் பாருங்கள். ஒருவர் நல்ல மனிதர், இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கி, மரியாதையாக ஒரு கைப்பிடி கொடுத்தார். பதம் பார்த்துக்கொள்ளக்கூடப் போதாது. இன்னொருவர் தம் பெட்டியை மூடிக்கொண்டே கேட்டார், "என்ன சயா, செயலாளர் புது டப்பா கொண்டுவந்தாராமே? முதல் தோட்டா நிரப்பினவருக்குன்னு வழக்கம் இருக்கே. பயமா இருக்கா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பழக்கதோஷம். அந்தப் பேச்சு எனக்கு முன்னால் மைதானத்தைச் சுற்றி வந்துவிட்டது. டீ கொண்டுவருகிற பெண்கூட, "பயப்படாதீங்க சயா, எல்லாருக்கும் வரும்" என்று ஆறுதல் சொன்னாள்.

பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அன்று நான் அதிகமாகப் பயந்தது டப்பாவைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. அன்றைக்கு மத்தியானப் பஸ்ஸில்தான் அவள் வருவதாக இருந்தது. வந்து, "சயா" என்று ஒரு வார்த்தை சொல்லி நின்றால் என் மனசு மாறிவிடும். அது எனக்குத் தெரியும். பாய் சொன்ன பிஸ்கட் டின் அப்போது மிக நியாயமாகத் தெரியும். டப்பா அலமாரியில் இருக்கிறவரை என் தீர்ப்பும் தளும்பிக்கொண்டுதான் இருக்கும்.

டப்பாவை எடுத்துக்கொண்டு சுடுகளத்துக்கு அப்பால், புல் செதுக்கிய வெற்றுத் தரைக்குப் போனேன். வேண்டாத மருந்தை அழிக்கிற இடம் அது. தரையில் மெல்லிய கோடாகத் தூவினேன். காசிம் பாய் பின்னாலேயே ஓடி வந்தார்.

"டேய்! டேய் முத்தையா! என்னடா பண்றே?"

அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் என்னை "டேய்" என்றது அதுதான் முதல் தடவை.

"தள்ளி நில்லுங்க பாய்."

நீளக் குச்சியில் நெருப்பு வைத்தேன். கோடு சரசரவென்று மஞ்சளாக ஓடி முடிந்தது. சத்தமில்லை, சீறலில்லை. கொஞ்சம் வெண்புகை.

"பாரு," என்றார் பாய். கருகின கோட்டைக் கை காட்டினார். "பாரு, ஒழுங்காத்தானே எரியுது?"

"திறந்த வெளியில எல்லாமே ஒழுங்காத்தான் எரியும் பாய்."

அவர் என்னைப் பார்த்தார். லுங்கியை எடுத்து உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மிச்சத்தையும் கோடு கோடாகத் தூவி எரித்தேன். கடைசிக் கோடு எரியும்போது பின்னால் செருப்புச் சத்தம். மா தீரி.

புகையைப் பார்த்தாள். காலி டப்பாவைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. வாசலிலேயே சொல்லியிருப்பார்கள்.

எனக்கு ஒரு வேடிக்கையும் வரவில்லை. வாயைத் திறந்தால் ஏதாவது வந்து விழும் என்று வாழ்நாளெல்லாம் நம்பியிருந்தவன் வாயைத் திறந்தேன். புகைதான் உள்ளே போயிற்று. இருமினேன்.

அவள் தமிழில் பேசினாள். அவள் வாயில் நான் தமிழ் கேட்டது அன்றைக்குத்தான்.

"நீங்க பயந்துட்டீங்கன்னு சொல்றாங்க."

"ஆமா. பயந்தேன்."

"நான் பயப்படலை. சுடப்போறது நான். என் கன்னம் அது. நான் வெக்கிறேன். நீங்க யாரு வேணாம்னு சொல்ல?"

அன்று வந்ததைச் சொன்னேன்.

"கன்னம் உன்னுதுதான் தீரி. நிரப்புற கை என்னோடது."

"எனக்கு இன்னொரு தடவை கிடைக்காது சயா."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா?"

அவள் அந்தக் காலி டப்பாவைக் காலால் ஒரு உதை விட்டாள். அது உருண்டு போய்க் கருகின கோட்டில் நின்றது. பிறகு எப்போதும் போவதைப் போலவே, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். ஓடவில்லை. ஓடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் போட்டி நடந்தது. அவள் வந்தாள். சுடுவதற்கு இல்லை. பார்வையாளர் பெஞ்சில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு முடிகிறவரை உட்கார்ந்திருந்தாள். அவளிடம் வாராவாரம் தோற்கிற ஒருவர் ஜெயித்தார். அவள் எழுந்து நின்று கைதட்டினாள். அதற்குப் பிறகு சங்கத்துக்கு வரவில்லை. துப்பாக்கிக் கட்டையின் மஞ்சள் வட்டத்தை நான் துடைக்கவில்லை. மழைக்காலத்து ஈரத்தில் அது தானாகப் பூத்துப் போயிற்று.

காசிம் பாய் சாயங்காலம் அதே டீக்கடைக்குத்தான் வந்தார். வேறு கடையில் அவருக்குச் சமோசா பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. ஆகவே இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஒரே மாதிரி டீயைச் சொல்லி, ஒரே மாதிரி சமோசாவைத் தின்றுவிட்டுப் போனோம். கடைக்காரர் எங்களுக்கு நடுவில் நின்று, கால்பந்து பற்றி இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பேசுவார். மழை வந்து, போய், குளிர் வந்த பிறகு ஒரு நாள் பாய் தம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். மன்னித்தார் என்று இல்லை. முதுகுவலி என்றார்.

பிள்ளைகளே, இப்போது உங்களுக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்து நல்ல மருந்தாகவே இருந்திருக்கலாம். யாரோ ஒரு நேர்த்தியான மனிதர் சும்மா திறந்து பார்த்துவிட்டு, மனம் கேட்காமல் பசை தடவி ஒட்டியிருக்கலாம். அப்படியானால் ஒரு விரல்கடைக் காகிதத்துக்காக ஒரு பெண்ணின் வழியில் நான் குறுக்கே விழுந்தேன். இல்லை, மருந்து கலந்துதான் இருந்தது என்றால் சரியாகச் செய்தேன். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நான்தான் எரித்துவிட்டேனே.

நம் தொழில் அப்படி. டாக்டர் ஒருவரைக் காப்பாற்றினால் அவர் எழுந்து நடமாடுவார், பார்த்து மகிழலாம். நாம் சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. நடக்காத ஒன்றைக் காட்டி, "பார்த்தீர்களா" என்று யாரிடமும் சொல்ல முடியாது. சுற்றி நிற்கிறவர்கள் உங்களைக் கோழை என்பார்கள். நீங்களும் இராத்திரியில் புரண்டு படுத்து, அவர்கள் சொல்வது சரிதானோ என்று நினைப்பீர்கள். அப்போது கேட்க ஆள் தேடாதீர்கள், ஆள் இருக்காது. யார் திறந்தார்கள் என்று தெரியாத டப்பா வந்தால், அதைக் கொண்டுவந்தவர் உங்கள் உயிர்ச் சிநேகிதராக இருந்தாலும் நிரப்ப வேண்டாம். உங்கள் மனசு இளகும் என்று உங்களுக்கே தெரிந்தால், இளகுவதற்கு முன்னால் எரித்துவிடுங்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

வேலையை விட்ட பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருக்கிறது. டாலாப் படகில் ஏறுகிறேன். அந்தக் கரையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அக்கரை போய், இறங்காமல் அதே படகில் திரும்பி வருகிறேன். சூரியகாந்தி விதை விற்கிறவர்கள், கோழிக்கூடைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கத்துகிற கடற்பறவைகள். கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் வீட்டில் இருப்பதைவிடத் தேவலை. காசிம் பாய்கூடக் கேட்டார், "அவளைத் தேடியா போறே?" "காத்து வாங்கப் போறேன்" என்றேன். அவர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

போன மாதம் பார்த்தேன். எதிர் வரிசைப் பெஞ்சில் மா தீரி. உடம்பு கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. காலடியில் ஒரு மூட்டைத் துணி. ஏதோ தையல் வேலை எடுத்துப் போகிறாள் போல. படகு புறப்பட்டு நடு ஆற்றுக்கு வந்தது. பெரிய சரக்குப் படகு ஒன்று பக்கத்தில் போக, அலை வந்து எங்கள் படகைத் தூக்கிப் போட்டது. எல்லாரும் எதையாவது பிடித்துக்கொண்டார்கள். அவள் எதையும் பிடிக்கவில்லை. மடியில் ஒரு சின்னப் பிள்ளையின் சட்டை. ஊசியை உயர்த்தி, நூல் முனையை வாயில் நனைத்து, மூச்சை நிறுத்தினாள். அந்த மூச்சை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். ஆடுகிற படகில், ஒரே தடவையில், நூல் ஊசிக் காதுக்குள் போயிற்று.

நான் ஏதாவது சொல்லலாம் என்று எழுந்தேன். நல்லதாக ஒரு வேடிக்கைகூடத் தயார் செய்துவிட்டேன். அதற்குள் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டாள்.

சிரிக்கவில்லை. தலையசைக்கவில்லை. தமிழிலும் ஒன்றும் சொல்லவில்லை, பர்மியத்திலும் சொல்லவில்லை. முறைத்தாள். படகு கரையைத் தொடுகிறவரைக்கும் இமைக்காமல் முறைத்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டு கண்ணாலும்.